டம்ளருக்கு அடியில் இரண்டு சீட்டு

ஆத்தூர்
8.7.2025

அண்ணா,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. கிழிக்கத்தான் வேண்டுமென்றால் படித்துவிட்டுக் கிழி. நான் உயிரோடு இருக்கிறேன், ஒரு குறையும் இல்லை. அவரும் அப்படியே. அன்பழகன் என்ற பெயரை நம் வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று பூபதி சித்தப்பா போட்ட உத்தரவு இன்னும் அமலில்தான் இருக்கும். நீ "அந்தப் பையன்" என்றே எழுதிக்கொள். எனக்கு வருத்தமில்லை. பொய் சொல்வானேன், கொஞ்சம் வருத்தம்தான்.

ஓடிப்போய் ஒரு வருடம் கழித்து எதற்குக் கடிதம், போன் இல்லையா என்பாய். எண்ணைக் கொடுத்தால் எந்த டவருக்கு அடியில் இருக்கிறேன் என்று சித்தப்பா அரை மணியில் ஆளைப் பிடித்துக் கேட்டுவிடுவார். அயோத்தியாப்பட்டணத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொண்டதற்கு என்னை என்ன செய்வதாக அவர் சொன்னார் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் கடிதம். அதுவும் கோழிப்பண்ணை விலாசத்துக்கு. அங்கே தபால் வாங்குகிறவன் நீ ஒருவன்தான்.

மேலே ஆத்தூர் என்று போட்டிருந்தாலும் நாங்கள் இருப்பது ஆத்தூரில் இல்லை. என் பெயரை எழுதி, ஆத்தூர் தலைமைத் தபால் நிலையத்தில் நேரில் வந்து வாங்கிக்கொள்வார் என்று போடு, எடுத்து வைத்திருப்பார்கள். செவ்வாய்க்கிழமை தோறும் வந்து கேட்பேன்.

நேற்று அவருக்கு நம் பூதப்போரைச் சொல்லிக்கொடுத்தேன். போனிலிருந்து அந்த கேமை எடுத்துவிட்டேன், அதுவும் எண்ணோடு கட்டியதுதானே. காகிதத்தில்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆளுக்கு மூன்று பூதம். அடிக்கலாம், தடுக்கலாம், இல்லையென்றால் களத்தில் நிற்கும் பூதத்தைப் பின்னால் அனுப்பி வேறொன்றை இறக்கலாம். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும், மற்றவர் எதை எடுத்தார் என்று தெரியாது, அப்புறம் இரண்டும் சேர்ந்தே திறக்கும். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப இது பூதச் சண்டை இல்ல அகல்யா, எதிராளு மனசைப் படிக்கிறது" என்றார். கேரம் போர்டைத் தவிர வேறு விளையாட்டே தெரியாத மனிதர். ஒரே நாளில் பிடித்துவிட்டார் பார்.

நான் கிளம்பின அன்று நம் ஆட்டம் பாதியில் நின்றது ஞாபகம் இருக்கிறதா? கரண்ட் போய், இரண்டு போனும் செத்து, வழக்கம்போல் சீட்டில் எழுதி விளையாடினோம். களத்தில் உன் பக்கம் இடிக்கொம்பன் பூதம், என் பக்கம் ஆட்டுக்கல் பூதம். ஆளுக்கொரு சீட்டு மடித்து டம்ளருக்கு அடியில் வைத்தோம். அதற்குள் தீவன லாரி வந்துவிட்டது என்று நீ ஓடினாய். நீ திரும்பி வந்தபோது நான் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கத்தான் இவ்வளவும். மறுநாள் காலை சேலம் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் பஸ் ஏறும்போது கடலை வண்டி பக்கத்தில் நின்றது நீதானே? எங்களைப் பார்த்தாயா, பார்க்கவில்லையா?

அகல்யா


மல்லசமுத்திரம்
14.7.2025

அம்மிணி,

இப்படி எழுதக் கூடாது, வெறுமனே அகல்யா என்றுதான் எழுத வேண்டும் என்று நினைத்து உட்கார்ந்தேன். கை கேட்கவில்லை. அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே.

நீ போனதிலிருந்து எனக்குப் பெண் பார்க்கப் போன இடமெல்லாம் தட்டிப்போகிறது. காபி குடிக்கும்வரை நன்றாகப் பேசுவார்கள். அப்புறம் யாராவது ஒரு கிழவி, "ஏனுங்க, பையனுக்குக் கூடப் பொறந்தது ஒரு புள்ளை உண்டுன்னாங்களே, அது எங்கீங்க?" என்று கேட்பாள். அம்மா தரையைப் பார்ப்பாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். அவ்வளவுதான். போன மாதம் வந்த இடத்துக்காரர்கள் கார் கதவைச் சாத்தும்போது சிரித்தார்கள், என் காதில் விழுந்தது. உனக்குக் காதல். எனக்கு அதன் வட்டி.

அப்பா ஊருக்குள் டீக்கடைக்குப் போவதையே விட்டுவிட்டார். அம்மா உன் பெயரைச் சொல்வதில்லை, ஆனால் உனக்குப் பிடிக்கும் என்று வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டுவிட்டு எனக்குத்தான் சுட்டதாகச் சொல்கிறாள். எனக்குக் கச்சாயம் பிடிக்காது என்பது அவளுக்குத் தெரியாதா?

சித்தப்பா மட்டும் ஒன்றும் பேசுவதில்லை. முதலில் எல்லாம் குதியாய்க் குதித்தார், மண்வெட்டியை எடுத்தார், பஞ்சாயத்து வைத்தார். இப்போது வருகிறார், தின்கிறார், போகிறார். வடக்கே மழைக்காலம் என்று அவருடைய போர்வெல் ரிக் வண்டிகள் ஊர் திரும்பிவிட்டன. வேலையில்லாத ஆட்கள் அவர் ஷெட்டில்தான் படுத்துக் கிடக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து சீட்டாடுகிறார். அவர் கத்தினால்கூட எனக்கு நிம்மதியாக இருக்கும்.

டம்ளரை அம்மா கழுவ எடுத்தபோது பிடுங்கிக்கொண்டேன். சீட்டு இரண்டையும் ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை. தனியாகப் பிரித்தால் அது ஆட்டமா? ஆனால் நான் எழுதினது இடிக்கொம்பனின் பேரிடி அடிதான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பத்துக்கு ஏழு முறைதான் விழும், விழுந்தால் உன் ஆட்டுக்கல் மாவாகியிருக்கும். நீ எப்போதும் போல உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பாய். போட்டு என்ன? சேலம் போட்டியில் பத்துக்கு ஒன்பது முறை விழும் அடி தவறித்தானே கோப்பையை விட்டாய்? மீதி இருக்கும் அந்த ஒன்று உன் கணக்குக்குள் அடங்காது அம்மிணி. அது யார் பேச்சையும் கேட்காது.

கடலை வண்டி கதையெல்லாம் இப்போது எதற்கு?

இனிமேல் எழுதாதே. எழுதினால் சாப்பாடு என்ன, வீடு ஒழுகுகிறதா, அதையாவது எழுது.

ஈஸ்வர்


ஆத்தூர்
22.7.2025

அண்ணா,

எழுதாதே என்று சொல்லிவிட்டு, எழுதினால் என்ன எழுத வேண்டும் என்றும் சொல்கிறாய். நீ மாறவே இல்லை. வீடு ஒழுகவில்லை. சாப்பாடு நான் சமைப்பதுதான், அதனால் அதைப் பற்றி அவரிடம்தான் கேட்க வேண்டும்.

போன செவ்வாயும் ஆத்தூர் வந்தேன். தபால் நிலையத்துக்குள் போகவில்லை. எதிரே ஒரு பேக்கரியில் உட்கார்ந்து, ஆறிப்போன பப்ஸைத் தின்றுகொண்டு வாசலையே பார்த்தேன். ரிக் ஆட்கள் யாராவது நிற்கிறார்களா, நம் பக்கத்து வண்டி ஏதாவது வருகிறதா என்று. செவ்வாய்க்கிழமை என்று உனக்கு எழுதியது தெரிந்தேதான். கழுத்தை நீட்டிக் காட்டினேன், நீ வெட்டவில்லை. இன்றைக்குத் தைரியமாக உள்ளே போய்க் கேட்டு வாங்கினேன். "அம்மிணி" என்று பார்த்ததும் அங்கேயே, ஸ்டாம்பு விற்கிற ஜன்னலுக்கு முன்னால், அழுதுவிட்டேன். பின்னால் நின்றவர் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து வழி விட்டார்.

உன் சம்பந்தம் தட்டிப்போவதைப் படித்து எனக்குக் கஷ்டமாக இருந்தது. நிஜமாகத்தான். ஆனால் வட்டி, கிட்டி என்றெல்லாம் எழுதாதே. எனக்கு மூச்சு இருக்கும்போதே நீங்கள் எல்லாரும் ஆற்றில் தலை முழுகினீர்கள். அவருடைய அக்கா காதுக்கு வந்து, அங்கிருந்து எனக்கு வந்தது. நீயும் முழுகினாயா? அந்தத் தண்ணீர் சில்லென்று இருந்ததா? இதற்குப் பதில் வேண்டாம். கேட்க வேண்டும் என்று இருந்தது, கேட்டுவிட்டேன்.

சித்தப்பா அமைதியாகிவிட்டார் என்று எழுதியதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. நாம் எத்தனை பேரோடு ஆடியிருக்கிறோம். சத்தம் போடுகிறவன் அடிக்கப் போகிறான் என்று அர்த்தம், தடுத்துவிடலாம். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறவன் வேறு பூதத்தை இறக்கப் போகிறான். எதை இறக்குவான் என்பதுதான் தெரியாது. இரவில் புல்லட் வண்டிச் சத்தம் கேட்டால் இங்கே இவர் எழுந்து விளக்கை அணைக்கிறார். அணைக்காமல் இருந்தால்தான் சந்தேகம் வராது என்று நான் சொல்கிறேன். இதுதான் எங்கள் குடித்தனச் சண்டை.

கடலை வண்டிக்குப் பதில் வாங்காமல் விடமாட்டேன்.

அகல்யா


மல்லசமுத்திரம்
4.8.2025

அம்மிணி,

எனக்குக் கல்யாணம் கூடிவிட்டது. உட்கார்ந்து படி.

பெண் பரமத்தி பக்கம். பெயர் நர்மதா. பி.எட். படித்திருக்கிறது. பேசினால் பட்டென்று பேசுகிறது, உன்னைப் போல. செப்டம்பர் நாலாம் தேதி வியாழக்கிழமை விடியற்காலை முகூர்த்தம். முதல் நாள் புதன் சாயங்காலம் இணைச்சீர்.

அந்தச் சீருக்கு யார் நிற்பது என்று பேச்சு வந்தது. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் நிற்க வேண்டிய இடம். கூறைப்புடவையின் ஒரு முனை அவள் கையில், ஒரு முனை என் கையில். பெரியம்மா மகளை நிறுத்திக்கொள்ளலாம் என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். அப்போது அந்தப் பெண், நிச்சயத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிற பெண், நிமிர்ந்து பார்த்து, "கூடப் பொறந்தவங்க இருக்கறப்ப எதுக்குங்க இன்னொருத்தரு? எங்கிருந்தாலும் கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டது. அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். சித்தப்பா சிரித்தார். "புள்ளை சொல்றது நாயந்தானே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நீ வா. நான் கூப்பிடுகிறேன். சித்தப்பாவிடம் இன்னும் ஒன்றும் பேசவில்லை, நீ எழுதுவது அவருக்குத் தெரியாது. நீ தனியாக வா. அந்தப் பையன் வேண்டாம், அவனைப் பார்த்தால் யாருக்கு என்ன வரும் என்று தெரியாது. சீர் முடிந்ததும் நானே உன்னை ஆத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன்.

கேட்டாயே. பார்த்தேன். நீ நீலச் சுடிதார் போட்டிருந்தாய், பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாய். என் கூடச் சித்தப்பா ஆட்கள் வந்திருந்தார்கள், டவுன் பஸ் நிற்கிற பக்கம் தேடிக்கொண்டிருந்தார்கள். கடலை வாங்குகிறவன் போலத் திரும்பிக்கொண்டேன். உன்னை யாராவது அடித்து இழுத்துவந்தால் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. அதனால் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு வாங்கின கடலையைத் தின்னவும் முடியவில்லை.

தலை முழுகத்தான் முழுகினேன். சில்லென்று இல்லை. வெயில் காலம்.

ஈஸ்வர்


ஆத்தூர்
12.8.2025

அண்ணா,

நர்மதா அண்ணியை எனக்கு இப்போதே பிடித்துவிட்டது. அந்தப் பெண்ணிடம் ஜாக்கிரதையாக இரு, உன் தலையில் மிளகாய் அரைத்துவிடும்.

பார்த்தேன் என்று எழுதினாயே, அந்த வரியை மடித்து மணிபர்ஸில் வைத்திருக்கிறேன்.

எனக்கு வர வேண்டும் என்று இருக்கிறது. புடவை முனையை இன்னொருத்தி பிடிப்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும், இல்லாவிட்டால் கல்நெஞ்சுக்காரி என்பாய்.

ஆனால் தனியாக வா என்கிறாயே, நான் என்ன பாதியாக வருகிற ஆளா? அவர் வாசலில் நிற்கக் கூடாத வீட்டில் நான் சீருக்கு நின்றால் அந்தச் சீர் யாருக்கு? வந்தால் இரண்டு பேரும் வருவோம். இல்லையென்றால் பெரியம்மா மகளுக்கு யோகம்.

உன்னை வைத்துக் கணக்குப் போட்டேன். நீ தோற்கும்போது மட்டும்தான் பேரிடியை எடுப்பாய். கை ஓங்கியிருக்கும்போது நிதானமாகத்தான் ஆடுவாய். சம்பந்தம் தட்டிப்போய்க்கொண்டிருந்த ஆளாக நீ கூப்பிட்டிருந்தால் வந்திருக்க மாட்டேன். இப்போது உனக்குக் கல்யாணம் கூடிவிட்டது. என்னை அடித்து உனக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. அதனால் நீ கூப்பிடுவது நிஜம். பத்துக்கு ஒன்பது நிஜம்.

இவ்வளவும் சொன்னேன் அவரிடம். கேட்டுக்கொண்டே சட்டைக்குப் பொத்தான் தைத்தார். நூலைக் கடித்துவிட்டு, "உங்கண்ணன் நல்லவருதான். அந்த வீட்டுல அவரு ஒருத்தரு மட்டுமா இருக்காரு?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சரியாகச் சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும், உனக்குத்தான் தெரியுமே.

சித்தப்பாவிடம் பேசு. என்ன சொல்கிறார், எப்படிச் சொல்கிறார், சொல்லும்போது என்ன செய்துகொண்டிருந்தார், எல்லாவற்றையும் அப்படியே எழுது. நான் படித்துக்கொள்கிறேன்.

அகல்யா


மல்லசமுத்திரம்
29.8.2025

பேரன்புள்ள தங்கை அகல்யாவுக்கு,

அண்ணன் ஈஸ்வர் எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, சித்தப்பா அனைவரும் நலம். உங்கள் இருவரின் நலத்துக்கும் ஆண்டவனை வேண்டுகிறோம்.

சித்தப்பாவிடம் பேசினேன். அவர் பெரிய மனது பண்ணிவிட்டார். நடந்தது நடந்துவிட்டது, நம் வீட்டுப் பெண் நம் வீட்டுச் சீருக்கு வராமல் இருக்கலாமா என்று சொல்கிறார். மாப்பிள்ளையையும் கட்டாயம் அழைத்து வர வேண்டும் என்றும் சொல்கிறார். ஆகவே நீங்கள் தம்பதி சமேதராய் வர வேண்டும். பத்திரிகையை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் உன் பெயரும் மாப்பிள்ளை பெயரும் போட்டிருக்கிறது.

மல்லசமுத்திரம் வரைக்கும் பஸ்ஸில் வர வேண்டாம். உறவுக்காரர்கள் யாராவது பார்த்து ஏதாவது பேசுவார்கள். புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு ராசிபுரம் பஸ் நிலைய வாசலில் நிற்கவும். வெள்ளைக் கார் வரும். அதில் ஏறிக்கொள்ளவும்.

மாப்பிள்ளையை விட்டுவிட்டு வந்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
அண்ணன் ஈஸ்வர்


மல்லசமுத்திரம்
2.9.2025

அம்மிணி,

வராதே.

போன கடிதம் என் கை எழுதியது, நான் எழுதியது இல்லை. கல்யாண வேலை என்று நான் வீட்டோடு கிடந்தேன், பண்ணையைச் சித்தப்பா பார்த்துக்கொண்டார். நீ எழுதினது அவர் கையில் கிடைத்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்துக்கொண்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை. வாய்க்கு வாய் சொல்லி எழுத வைத்தார். எழுதாவிட்டால் இந்தச் சம்பந்தமும் நிற்கும் என்றார். அதற்கா பயந்தாய் என்று கேட்பாய். ஆமாம், அதற்கும் பயந்தேன். முழுதும் எழுதி ஒட்டின பிறகு, "காரு ராசிபுரத்துல ஏத்திக்கும். அதுக்கப்புறம் உனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம் சாமி. நீ மணவறையில உக்காரு" என்றார். சாமி என்றுதான் சொன்னார்.

அந்தப் பத்திரிகை உனக்காகத் தனியாக ஒன்று மட்டும் அடித்தது. ஊருக்குக் கொடுத்ததில் உன் பெயர் இல்லை.

அவர் பக்கத்தில் இருக்கும்போது என்னால் முடிந்தது ஒன்றே ஒன்றுதான். அம்மிணி என்று எழுதாமல் விட்டேன். நீ பிடித்துக்கொள்வாய் என்று நினைத்தேன். என்னைக் கணிக்கிறவள் நீதானே. பிடித்துக்கொண்டாயா என்று தெரியவில்லை, நீ பதில் எழுதினாலும் இனி என் கைக்கு வராது.

சித்தப்பா வேறு பூதத்தை இறக்கப் போகிறார் என்று எழுதினாய். இறக்கிவிட்டார். அது நான்தான். நீ என்னைச் சரியாகத்தான் கணக்குப் போட்டாய் அம்மிணி. ஆனால் எதிரே உட்கார்ந்து ஆடுகிறது நான் இல்லை.

இன்றைக்குச் செவ்வாய். காலையிலேயே நீ தபால் வாங்கிப் போயிருப்பாய். அடுத்த செவ்வாய்தான் இனி வருவாய். தெரிந்தேதான் எழுதுகிறேன். ஏதோ ஒரு காரணத்துக்கு நாளைக் காலை அந்தப் பக்கம் வருவாய், எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று உள்ளே நுழைவாய், இதுவும் அதற்குள் வந்து சேர்ந்திருக்கும். பத்துக்கு ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் போடுகிறேன். பூக்கட்ட வந்திருக்கும் செல்லாயி அக்கா இதைத் திருச்செங்கோட்டில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

போன் சித்தப்பாவிடம் இருக்கிறது, கல்யாண மாப்பிள்ளைக்குப் போன் எதற்கு என்று வாங்கிக்கொண்டார். நேற்று ஒரு சொந்தக்காரர் போனை வாங்கிப் பூதப்போரைத் திறந்து பார்த்தேன். நீ ஆட்டத்தில் இல்லை என்று உன் பெயர் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

இது கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்றும் யோசித்துவிட்டேன். எனக்குக் கங்கணம் கட்டியாயிற்று. கட்டினவன் ஊர் எல்லை தாண்டக் கூடாது. நான் தாண்டப் போகிறேன். நாளை மதியம் எல்லாரும் பந்தியில் இருக்கும்போது பின்பக்கமாகப் போய் பஸ் ஏறி ராசிபுரம் வந்துவிடுவேன். உன் பக்கத்தில் வந்து பேச முடியாது. கார் மட்டும் இல்லை, சுற்றிலும் ஆட்களை நிறுத்தியிருக்கிறார்கள், நான் கிட்டே வந்தால் நீ யார் என்று நானே காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும். அதனால் சாலைக்கு எதிர்ப்பக்கம், உன் கண்ணில் படுகிற இடத்தில், வெள்ளை வேட்டியில் அசையாமல் நிற்பேன். கல்யாண வீட்டில் இருக்க வேண்டியவன் அங்கே ஏன் நிற்கிறான் என்று நீ யோசிப்பாய். யோசித்த உடனே உனக்குப் புரிந்துவிடும். என்னைப் பார்த்ததும் மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாகத் திரும்பிவிடு.

தீப்பெட்டியை இன்றைக்குத் திறந்தேன். தனியாகப் பிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். நீ "தடுப்பு" என்று எழுதியிருந்தாய். என் பேரிடி வீணாகியிருக்கும். அன்றைக்கு நீதான் ஜெயித்திருப்பாய். அதையே எடு. இந்த ஒரு முறையும் அதையே எடு.

மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல்.

ஈஸ்வர்


ஆத்தூர்
2.9.2025

அண்ணா,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் உன் கல்யாணமே முடிந்திருக்கும். நானும் சீருக்கு நின்று, சாப்பிட்டு, உன்னோடு சண்டையும் போட்டு முடித்திருப்பேன். இருந்தாலும் எழுதிப் போடுகிறேன். இது என் சீட்டு. மடித்து டம்ளருக்கு அடியில் வைத்தாயிற்று. நீ எதை எடுத்தாய் என்று பார்ப்பதற்கு முன்னாலேயே நான் எதை எடுத்தேன் என்பதற்குத் தபால் முத்திரை சாட்சி.

போன இரண்டு செவ்வாயும் வெறுங்கையோடு திரும்பினேன். இன்று உன் கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். "அம்மிணி" இல்லை, ஒரு கிண்டல் இல்லை, "தம்பதி சமேதராய்" என்று இருக்கிறது. உனக்கு அந்த வார்த்தையெல்லாம் தெரியுமா? இது அண்ணன் எழுதியதில்லை என்று, இன்று கூட வந்திருந்த அவரிடம் சொன்னேன். அவரும் போக வேண்டாம் என்றார். தபால் நிலையத்திலிருந்து வெளியே வந்து, வீடு திரும்பப் பஸ்ஸுக்கு நின்றோம்.

பஸ் வரவில்லை. நின்ற இடத்திலேயே பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். என் பெயரும் அவர் பெயரும் சேர்ந்து அச்சில் இருக்கிறது, அப்பா பெயருக்குக் கீழே. ஊர் முழுக்கக் கொடுத்த பத்திரிகையில் பெயரைப் போட்டுவிட்டு யாராவது கெடுதல் செய்வார்களா? கூட்டத்துக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டாமா? சித்தப்பாவுக்கு மானம்தான் பெரிது. அந்த மானத்தையே அச்சடித்துக் கொடுத்துவிட்டார் என்று தோன்றியது. அப்புறம் உன் கடிதமும் புரிந்தது. பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க எழுதியிருப்பாய். அவர்கள் முன்னால் அம்மிணி, கும்மிணி என்று எழுத வெட்கமாக இருந்திருக்கும். மாப்பிள்ளை முறுக்கு வந்துவிட்டது உனக்கு.

சந்தேகம் இல்லை என்று சொல்லமாட்டேன். அதனால் ஒரு வழி வைத்திருக்கிறேன். இதைச் சொன்ன பிறகுதான் அவரும் சரி என்றார்.

என்னை யாராவது அடித்தால் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை நீ. நீயே எழுதினாய், மணிபர்ஸில் இருக்கிறது. இது கெட்ட வேலையாக இருந்தால் நீ ராசிபுரம் பக்கமே வரமாட்டாய். வீட்டில் எங்கேயாவது மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், கடலை வண்டி பக்கத்தில் நின்றது போல. நல்ல வேலையாக இருந்தால், கங்கணம் கட்டின கையோடு எல்லை தாண்டியாவது தங்கச்சியைக் கூட்டிப்போக நீயே வந்து நிற்பாய். யார் தடுத்தாலும் கேட்கமாட்டாய். உன்னை எனக்குத் தெரியாதா?

ஆகையால் கார் வந்தாலும் உடனே ஏறமாட்டோம். யார் கூப்பிட்டாலும் ஏறமாட்டோம். கூட்டத்துக்குள் நின்றபடி உன்னைத் தேடுவேன். நீ இல்லையென்றால் அப்படியே அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவோம், நீ எனக்காக வருத்தப்பட வேண்டாம்.

அன்றைக்குச் சீட்டில் தடுப்பு என்றுதான் எழுதினேன், இப்போது சொல்கிறேன். எப்போதும் தடுப்புதான். இந்த முறை அது வேண்டாம் என்று இருக்கிறது. ஒரு வருடமாகத் தடுத்தே கை ஓய்ந்துவிட்டது அண்ணா. விளக்கை அணைத்து, புல்லட் சத்தம் கேட்டு, கோவிலுக்குக்கூட முக்காடு போட்டுப் போய் அலுத்துவிட்டது. எனக்கு வீட்டுக்கு வர வேண்டும். அம்மா சுட்ட கச்சாயம் வேண்டும்.

அவர் புதுச் சட்டை வாங்கியிருக்கிறார். நான் அரக்கு நிறப் புடவை. கண்டுபிடிக்கச் சிரமம் இருக்காது.

பக்கத்தில்கூட வர வேண்டாம், கையைக்கூட ஆட்ட வேண்டாம். சாலைக்கு எதிர்ப்பக்கம் எங்கேயாவது நீ நின்றால் போதும். உன் முகத்தைப் பார்த்த அடுத்த நிமிஷம் காரில் ஏறிவிடுவேன்.

உன்
அம்மிணி